நாற்பத்தெட்டில் இரண்டு குறைந்த கதை

என் அன்பு டாக்டரக்கா,

போடியிலிருந்து மரகதம் எழுதுகிறேன். ஏலக்காய்க் கடை சுந்தரத்தின் மனைவி. நீங்கள் முதலில் பார்த்தபோது நாலு பெண்களுக்குத் தாய், இப்போது ஐந்து. அங்கே உங்கள் கண்ணாடியைக் கொண்டுபோக விட்டார்களோ இல்லையோ, எதற்கும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

மதுரையில் உங்கள் மாணவிகள் உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். பெரிய டாக்டர்கள் உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவார்களாம், நான் உங்கள் குணத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். அந்த இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. எங்கள் வீட்டுக்கு அவை ஒரே குடைக்குள்தான் வந்தன.

யுத்தத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பவும் போட்டு, போடிக்கு மறுபடி ரயில் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. கறுப்புக் குடை, தோல் பை, மைக்ராஸ்கோப் வைத்த மரப்பெட்டி ஆகியவற்றோடு நீங்கள் வந்து இறங்கினீர்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக எது இறங்கி வருகிறது, எத்தனை கரு தங்குகிறது, எத்தனை கலைந்து போகிறது என்று ஆராய்வது உங்கள் வேலை. அதற்காக வீடு வீடாக ஏறி, இவள் யார் மகள், இவனுக்கு யாரைக் கட்டியிருக்கிறது, அந்தப் பையனுக்கு இன்னும் ஏன் ஆகவில்லை என்றெல்லாம் விசாரித்தீர்கள்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விகளைக் கேட்பது கல்யாணத் தரகர் மட்டும்தான். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? போதாததற்கு ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் போட்டு, நடுவில் கோடு வேறு இழுத்தீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் புதுவிதமான ஜாதகக் கட்டம் என்றே முடிவு கட்டினார்கள். தங்கியிருந்த இடத்துக்கு நீங்கள் திரும்பியபோது தோல் பைக்குள் மஞ்சள் தடவிய ஜாதகங்கள்தான் நிறைய இருந்தனவாம். அதில் ஒன்று அறுபது வயதுக்காரருடையது என்று பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே.

எங்கள் அத்தையும் அப்படித்தான் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். அத்தை என்றால் என் மாமியார், என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. மாமனார் காலமான பிறகு வியாபாரத்தைத் தானே கையில் எடுத்து நடத்தியவர். மலையிலிருந்து இறங்கும் மூட்டையைப் பிரிக்காமலே, மோந்து பார்த்து விலை சொல்லிவிடுவார். உங்களை உட்கார வைத்து, சுசியமும் காப்பியும் கொடுத்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எம்மகனுக்கு ரெண்டாந்தாரமா எம்பேத்தியவே பாத்திருக்கேன் தாயி. தேவாரத்துல இருக்கா. பொருத்தம் மட்டும் நீ பாத்துச் சொல்லு."

நான் உள்ளே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. நாலாவது பெண் பிறந்த நாளிலிருந்தே அது வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. தேவாரத்தில் இருக்கும் நாத்தனாரின் மகள்தான் அந்தப் பேத்தி, பதினேழு வயது. அவளைக் கொண்டுவந்து வைத்தால் நான் அடுப்படியோடு சரி, என் பெண்கள் என்ன ஆவார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவரோ அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. என்னிடம் வந்தால் என் பக்கம், அம்மாவிடம் போனால் அம்மா பக்கம். நடுவில் இருக்கும் நிலைப்படியில் மட்டும்தான் அவருக்குச் சொந்த அபிப்பிராயம்.

எதற்கு இரண்டாம் கல்யாணம் என்று கேட்டீர்கள். மருமகளுக்குப் பெண்ணாகவே பிறக்கிறது, அவள் உடம்புவாகு அப்படி என்றார் அத்தை. இரண்டு தாரம் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றீர்கள். அந்தச் சட்டம் மதராஸோடு நிற்கும், போடி வரைக்கும் ரயில் ஏறி வராது என்றார். நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள்.

மரகதம் யார் என்று கேட்டீர்கள். தம்பி மகள் என்றார். அப்படியானால் அவள் ரத்தத்தில் குற்றம் என்றால் அது உங்கள் பிறந்த வீட்டு ரத்தத்தில் குற்றம் என்றுதானே அர்த்தம் என்றீர்கள். எங்கள் வீட்டு ரத்தத்தில் ஒரு குறையும் கிடையாது என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்ப மரகதத்துக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டு சுசியத்தைக் கடித்தீர்கள். எனக்கு அந்த நிமிஷமே உங்களைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகுதான் குரோமோசோம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அத்தையின் வாயில் அது நுழையவில்லை, அதனால் குச்சி என்று வைத்துக்கொண்டோம். மனுஷ உடம்பில் நாற்பத்தெட்டுக் குச்சி. அம்மா பாதி, அப்பா பாதி. அதில் ஒரு ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணிடம் இரண்டும் நெட்டை. ஆணிடம் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. குட்டை வந்து சேர்ந்தால் பையன். மரகதத்திடம் கொடுப்பதற்குக் குட்டையே கிடையாது, அது உங்கள் மகனிடம் மட்டும்தான் இருக்கிறது என்று முடித்தீர்கள்.

அத்தை திரும்பி நிலைப்படியில் நின்ற மகனைப் பார்த்தார். "வச்சிக்கிட்டே குடுக்கலையாடா?" என்றார்.

பாவம், அவர் என்ன சொல்லுவார்? அது நம் கையில் இல்லை, கிணற்று வாளி மாதிரி எந்தப் பக்கத் தண்ணீர் ஏறும் என்று யாருக்கும் தெரியாது என்று நீங்கள்தான் அவருக்காகப் பரிந்து பேசினீர்கள். அத்தை சமாதானம் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே இவன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவான், கடையிலும் இதே கதைதான் என்று புலம்பினார்.

ஆனால் அத்தை வியாபாரி அல்லவா, மடங்குவாரா? சட்டென்று ஒரு பிடி பிடித்தார். குச்சி இவனுடையது என்றால் இன்னொருத்தியைக் கட்டினாலும் பெண்ணாகத்தானே பிறக்க வேண்டும், அதையும் செய்து பார்த்துவிடுவோமே என்றார். சோதனை செய்து பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்று சற்று முன்னால் நீங்களே சொல்லியிருந்தீர்கள். உள்ளே என் மடியிலிருந்த முறம் சரிந்துவிட்டது.

நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள். "செய்யலாம் ஆத்தா. ஆனா சோதனைன்னா ரெண்டு பக்கமும் செய்யணும். உங்க மகனுக்கு இன்னொரு பொண்ணைக் கட்டிப் பாப்போம். மரகதத்துக்கு இன்னொரு மாப்பிள்ளையக் கட்டிப் பாப்போம். யாருக்கு என்ன பொறக்குதுன்னு நான் வருசா வருசம் வந்து எழுதிக்கிறேன்."

வாயைத் திறந்தது என் வீட்டுக்காரர்தான். நிலைப்படியை விட்டு இறங்கி வந்து, "மரகதத்துக்கு வேணாம்க்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் வேணாம்" என்றார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்லி நான் கேட்ட காதல் வசனம் அது ஒன்றுதான் அக்கா.

ஆனாலும் அத்தை கல்யாணத்தை நிறுத்தவில்லை, தள்ளித்தான் வைத்தார். தேவாரத்துக்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் உங்கள் குச்சிக் கணக்கை நோண்டி நோண்டிக் கேட்டார். அந்தக் கணக்கில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால் என் பிழைப்பிலும் விழும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருந்தது, இல்லையா?

இதற்கு நடுவில் நீங்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் வெட்டுக்கிளி பிடிக்கக் கிளம்பினீர்கள். மனுஷக் குச்சியைப் பார்ப்பது கஷ்டம், வெட்டுக்கிளியிடம் பளிச்சென்று தெரியும், அதிலும் ஆணிடமிருந்துதான் வித்தியாசம் வருகிறது என்று காட்டுவதற்காக. வெட்டுக்கிளிக் காலை அரைத்துக் கொடுத்தால் ஆண்பிள்ளை பிறக்கும் என்று பஜாரில் பேச்சு கிளம்பியது. அப்புறம் நீங்கள் சரிவில் ஏறினால் உங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் துண்டும் கையுமாகப் புல்லுக்குள் குனிந்து நிற்பார்கள். கடைசியில் வெட்டுக்கிளிக்காக நீங்கள் பொட்டிபுரம் பக்கம் போக வேண்டியதாயிற்று.

மைக்ராஸ்கோப்பில் அத்தைக்குக் காட்டினீர்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடிக்கொண்டு, தெரிகிறது தெரிகிறது என்றார். பிறகு ஒழுங்காகப் பார்த்துவிட்டு, சீரகத்தைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் தரமான சீரகம் என்று ஒப்புக்கொண்டார்.

பதிலுக்கு அத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் துண்டுப் பேச்சு. ஏலக்காய் வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சரக்கில் எடை குறைந்தாலும், காய் கெட்டிருந்தாலும் அதையும் துண்டுக்குள்தான் சொல்வார்கள். பஜாரில் குறையை நாலு பேர் காதில் விழச் சொல்பவன் வியாபாரியே இல்லை.

நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். எத்தனை கலைந்தது, எத்தனை பிறந்து தவறியது என்று கேட்டால் எங்கள் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மாமியார் கேட்டுக்கொண்டிருப்பாள், நாத்தனார் கேட்டுக்கொண்டிருப்பாள். நீங்கள் துண்டை விரித்தீர்கள். வாய் சொல்லாததை விரல் சொல்லியது. சில பேர் தொகையைச் சொன்ன பிறகும் உங்கள் கையை விடாமல் அழுதார்கள்.

அத்தையும் ஒரு நாள் துண்டை விரித்தார். உங்கள் மூன்று விரலைப் பிடித்தார். என் வீட்டுக்காரருக்கு முன்னால் அத்தைக்குப் பிறந்து தவறிய மூன்று ஆண் குழந்தைகள். சொந்தத் தம்பி மகளான எனக்கே அது தெரியாது. நீங்கள் அந்த மூன்று சின்னச் சதுரத்தையும் எங்கள் குடும்பப் படத்தில் போட்டீர்கள். அன்றிலிருந்து அத்தையைத் திட்டும்போது எனக்குக் குரல் பாதியாகத்தான் வருகிறது.

நான் ஐந்தாவது முறை உண்டாகியிருந்தபோது நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து இறங்கினீர்கள். முகமே சரியில்லை. அன்றைக்கென்று பார்த்து நாத்தனாரும் தேவாரத்திலிருந்து வந்திருந்தார், மகள் கல்யாணத்துக்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்று. நீங்கள் நேராக அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னீர்கள். வெளிதேசத்தில் நல்ல முறையில் எண்ணிப் பார்த்துவிட்டார்களாம். மனுஷனுக்குக் குச்சி நாற்பத்தெட்டு இல்லையாம், நாற்பத்தாறாம்.

அக்கா, இது மதுரையோடு இருக்கட்டும், போடிக்கு நாற்பத்தெட்டே போதும் என்று கெஞ்சினேன். அந்த ஒரு ஜோடிக் கதை மாறவில்லையே, அது அப்படியேதானே இருக்கிறது, பிறகு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் நான் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என் தலையைத் தடவி, "பொய் மேல உன்னை உக்கார வச்சுட்டுப் போக மாட்டேன் மரகதம்" என்றீர்கள்.

முன்கட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஏலக்காய் பொறுக்க வந்த பெண்கள், நாத்தனார், நிலைப்படியில் அவர். உங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ குறை என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. மரியாதையாகத் துண்டை எடுத்து மடியில் விரித்துக் கையை நீட்டினார். நீங்கள் அந்தத் துண்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்தீர்கள்.

"இதைத் துண்டுக்குள்ள சொல்லக் கூடாது ஆத்தா. நான் சொன்ன கணக்கு தப்பு. நாப்பத்தெட்டு இல்லை, நாப்பத்தாறு. நானே மதுரையில எண்ணினப்ப எனக்கு நாப்பத்தாறுதான் தெரிஞ்சுது. புத்தகத்துல நாப்பத்தெட்டுன்னு இருந்ததால, இல்லாத ரெண்டைத் தேடிச் சேத்துக்கிட்டேன். நெட்டை, குட்டை விஷயம் மாறலை. ஆனா இனிமே நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

நாத்தனார் மூக்கில் விரலை வைத்தார். இரண்டு தப்பென்றால் மற்றதும் தப்பாகத்தானே இருக்கும் என்று அத்தையைப் பார்த்தார். என் வயிற்றுக்குள் அந்தக் குழந்தை ஒரு உதை விட்டது.

அத்தை முதலில் சர்க்காரைத்தான் திட்டினார். அணாவை மாற்றினார்கள், நயா பைசாவைக் கொண்டுவந்தார்கள், இப்போது மனுஷ உடம்பிலும் இரண்டைக் குறைத்துவிட்டார்கள் என்று. அதற்குப் பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருச யாவாரத்துல எடை கொறைஞ்சத மறைச்சவனத்தான் பாத்திருக்கேன். டிக்கெட் எடுத்து வந்து, நாலு பேர் முன்னால, எஞ்சரக்குல ரெண்டு கொறையுதுன்னு சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். இவ சொன்னா அது எடைதான். நீ போயி உம்மகளுக்கு வெரசா வேற மாப்பிள்ளையப் பாரு."

அப்படித்தான் அக்கா முடிந்தது. நாற்பத்தெட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றியது குறைந்த அந்த இரண்டு. நீங்கள் கிளம்பும்போது அத்தை மட்டும் மெதுவாக, காணாமல் போன அந்த இரண்டில் குட்டை ஏதும் இல்லையே என்று கேட்டுக்கொண்டார்.

இனி ஊர்ச் செய்தி. தேவாரத்துப் பெண்ணை ஒரு பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தார்கள். மாமனைக் கட்ட அவளுக்கும் இஷ்டம் இருந்ததில்லையாம், யாரும் கேட்கவில்லை. போன மாதம் அவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்டக்டர் அல்லவா, பார்த்துச் சில்லறை கொடுக்கத் தெரிந்தவன் என்று மகனுக்குக் கேட்கும்படி சொன்னார். அவர் காது கேட்காதவர் மாதிரி கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஐந்தாவதும் பெண்தான். மருத்துவச்சி சொல்லத் தயங்கியபோது அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நின்ற மகனிடம் போய், "இந்தத் தடவையும் நெட்டையா? கையத் தொறந்து பாத்துக் குடுக்கப்படாதா?" என்றார். பிறகு உள்ளே வந்து எனக்குப் பிரசவ மருந்தான காயம் அரைக்க உட்கார்ந்தார். பிரசவம் பார்த்த வீட்டில் திட்டு வாங்கிய ஒரே ஆண்பிள்ளை இந்த ஊரில் அவராகத்தான் இருப்பார்.

அந்தச் செய்தியோடுதான் நானும் அத்தையும் மதுரைக்கு வந்தோம். மஞ்சள் காமாலை உங்களை அந்த அளவுக்கு உருக்கியிருக்கும் என்று யாரும் எழுதவில்லையே. உங்களுக்குப் பேச்சு வரவில்லை. அத்தை தோளில் கிடந்த துண்டை எடுத்து உங்கள் கைமேல் போட்டார். உள்ளே உங்கள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? கண்ணோரத்தில் சிரித்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, துண்டுக்குள் உங்கள் விரல் அசைந்தது. அத்தை குனிந்து, சரி தாயி, சரி தாயி என்றார். நீங்கள் என்ன தொகை சொன்னீர்கள் என்று கேட்டால் இன்றுவரை அத்தை சொல்ல மாட்டேன் என்கிறார். துண்டுக்குள் சொன்னது துண்டோடு போகும் என்கிறார். என்ன சொன்னீர்கள் அக்கா?

எங்கள் குடும்பப் படம் இன்னும் காலண்டருக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. இதில் உனக்கு இடம் எங்கே என்று அத்தை கேட்டாரே என்பதற்காக, ஒரு மூலையில் கோடு எதுவும் இல்லாமல் உங்களுக்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனீர்கள். மதுரையிலிருந்து திரும்பிய அன்று, அது அந்தரத்தில் நிற்கிறது, நன்றாகவா இருக்கிறது என்று அத்தை என் கையில் பென்சிலைக் கொடுத்தார். கூடப்பிறந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி, என் வட்டத்துக்கு மேலே இருந்து ஒரு கோடு இழுத்து உங்களைச் சேர்த்துவிட்டேன். ஆராய்ச்சிப்படி தப்பு என்று உங்கள் மாணவிகள் சொல்லுவார்கள். சொல்லட்டும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. நாளைக்கு யாராவது இன்னும் நல்ல கண்ணாடி வைத்து எண்ணி, நாற்பத்தாறும் தப்பு என்று சொன்னால், அந்தச் செய்தியை நான் அடுப்படியில் பூட்டி வைக்க மாட்டேன். அத்தை துண்டை விரித்தாலும் மடித்து வைத்துவிட்டு, முன்கட்டில் எல்லோர் காதிலும் விழும்படி நானே சொல்லுவேன். என் ஐந்து பெண்களும் பக்கத்தில் நின்று கேட்பார்கள்.

கோடு போட்டுச் சேர்ந்த உங்கள் தங்கை,
மரகதம்